அப்பாவுக்கு வைத்த கால் போத்தல்

"குடிப்பீங்களா?" என்று என்னிடம் கேட்டவர்கள் மொத்தம் ஐந்து பேர். நான்கு பேர் ஆஸ்பத்திரியில். ஐந்தாவது ஆள் யாரென்று கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் எனக்கு மேலே எழுதக் கை ஓடாது.

என் பெயர் விஜயராணி. வயது நாற்பத்தொன்று. லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளை மடுவம் நடத்துகிறேன். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் காலையில் விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளை மாலை வரை பார்த்துக்கொள்ளும் இடம் அது. என் வாயில் இன்றுவரை சாராயம் பட்டதில்லை. கல்யாண வீட்டில் ஒரு வாய் பியர் குடி என்று தோழிகள் கையைப் பிடித்து இழுத்தபோதுகூடக் குடித்ததில்லை. சம்பள நாளில் கசிப்புச் சாராய வாடையோடு மடுவத்துப் பக்கம் வந்த ஆண்களை விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு விரட்டியிருக்கிறேன். அப்படிப்பட்டவளுக்கு ஈரல் கெட்டுப்போய்விட்டது என்றால் தோட்டத்தில் சிரிக்காமல் இருப்பார்களா? சிரித்தார்கள்.

மழை பிடித்திருந்த மாதம் அது. மூன்று நாள் விடாத காய்ச்சல். உடம்பெல்லாம் அடித்துப்போட்டது போல் வலி. அதற்கு முந்தின கிழமை மடுவத்துக்குப் பின்னால் கழிவுநீர் ஓடுகிற கான் அடைத்துக்கொண்டதென்று வெறுங்காலோடு இறங்கிக் குப்பை எடுத்திருந்தேன். எலிக்காய்ச்சலாகத்தான் இருக்கும் என்று என் வீட்டுக்காரர் தியாகு தன் த்ரீவீலில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் திட்டு.

"சப்பாத்து போடாம கானுல எறங்காதன்னு எத்தன தடவ சொன்னேன்? கேட்டியா நீ?"

"ரோட்ட பாத்து ஓட்டுங்க. காய்ச்சல்ல செத்தாலும் பரவாயில்ல, பள்ளத்துல விழுந்து சாக வேணாம்."

"வாய்க்கு மட்டும் காய்ச்சல் வராது ஒனக்கு," என்றார். சொல்லிவிட்டுத் தன் குளிர்ச் சட்டையைக் கழற்றிப் பின்னால் நீட்டினார். நனைந்துகொண்டே ஓட்டினார்.

வாட்டில் சேர்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், ஊசி போட்டார்கள், சேலைன் ஏற்றினார்கள். இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. அடுத்த கட்டிலில் சோமா என்று ஒரு சிங்கள அக்கா. அவருக்கு நெஞ்சுச் சளி. எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தோம். நாளைக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் இளவயது டொக்டர் ஒருவர் என் ரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"பொனவத?" என்றார். குடிப்பாயா என்று.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நே டொக்டர். கவதாவத் நே," என்றேன். இல்லை, எப்போதுமே இல்லை.

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். சாயங்காலம் மருந்து கொடுக்க வந்த நர்ஸ் மிஸ் குரலைத் தாழ்த்தி, "உண்மைய சொல்லுங்க அம்மா. புருஷனுக்கு நாங்க சொல்ல மாட்டோம். கொஞ்சமாச்சும் குடிப்பீங்கதானே?" என்று தமிழில் கேட்டார். நல்ல மனுஷி. என் மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துத்தான் அப்படிக் கேட்டார். சோமா அக்கா மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது.

மறுநாள் வயிற்றை ஸ்கேன் செய்ய அழைத்துப்போனார்கள். வரிசையில் இரண்டு மணி நேரம். வெறும் வயிறு, மரவாங்கு, ஜன்னல் வழியாக உள்ளே வருகிற பனி. உள்ளே போனதும் வயிற்றில் சில்லென்று எதையோ பூசி ஒரு கருவியை அழுத்தி நகர்த்தினார் அங்கிருந்தவர். திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது. வலது பக்க விலாவுக்குக் கீழே வந்ததும் கை நின்றது.

"ஈரல் முழுக்கக் கொழுப்பு. கரடுமுரடா வேற தெரியுது," என்றார். பிறகு, "எத்தன வருஷமா குடிக்கிறீங்க?" என்றார்.

குடிப்பாயா என்றுகூட இல்லை. எத்தனை வருஷமாக என்று!

"சத்தியமா நான் குடிக்கலங்க," என்றேன்.

சொன்ன அந்தக் கணத்தில் எனக்கே அது வேறு குரலாகக் கேட்டது. அந்த வார்த்தை என்னுடையதில்லை. அது என் அப்பா சொன்ன வார்த்தை. அதே இழுப்பு, அதே கெஞ்சல். பதினேழு வருஷத்துக்கு முன்னால் கேட்டது. நாங்கள் யாரும் நம்பாதது.

அப்பா மாரிமுத்து எங்கள் தோட்டத்துப் பெக்டரி வாச்சர். முன்பு மலையில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த மனுஷன்தான். முதுகு பிடித்துக்கொண்டதென்று வாசல் காவலுக்கு மாற்றினார்கள். அதன் பிறகு உட்கார்ந்த இடத்திலேயே வேலை. கோதுமை மா ரொட்டி, பாண், ஒரு நாளைக்கு எட்டுப் பத்து பிளேன்டீ. ஒவ்வொன்றுக்கும் மூன்று கரண்டி சீனி. இரண்டு வருஷத்தில் சட்டைப் பொத்தான் போட முடியாத அளவுக்குப் பருத்துவிட்டார். "மாரிமுத்து இப்ப தொரை மாதிரி ஆயிட்டாரு" என்று எல்லாரும் சொல்வார்கள். அவருக்கும் அதில் பெருமைதான்.

பிறகு கண் மஞ்சளானது. கால் வீங்கியது. வயிற்றில் தண்ணீர் கோத்துக்கொண்டது. நடை தள்ளாடியது. நாக்குக் குழறியது. சட்டையை உள்வெளியாகப் போட்டுக்கொண்டு நிற்பார். பகலில் தூங்கிவிழுவார். பெயரைக் கூப்பிட்டால் வேறு எதையோ பார்த்துச் சிரிப்பார். கிட்டே போனால் வாயில் இனிப்பும் அழுகலுமாக ஒரு வாடை. வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளில் இதற்கு மேல் யாருக்கு என்ன சாட்சி வேண்டும்? தோட்டத்தில் மருந்து கொடுக்கிற ஐயாவும் கண்ணை இழுத்துப் பார்த்துவிட்டு, "குடிய நிப்பாட்ட சொல்லுங்க, வேற மருந்து கெடையாது" என்று அனுப்பிவிட்டார். பெக்டரிக்குப் பின்னால் ஒளித்துக் குடிக்கிறார் என்று ஒருவர் சொல்ல, அதை நாங்களும் நம்பிவிட்டோம். போத்தலை யாரும் கண்ணால் கண்டதில்லை. அது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

தியாகு வீட்டார் என்னைப் பெண் பார்க்க வந்த நாள். அப்பா வந்தவர்களை "வாங்க" என்று சொல்லக்கூட வாய் வராமல் குழறினார். மாப்பிள்ளையின் தகப்பனாரை யாரோ செத்துப்போன ஆளின் பெயர் சொல்லி அழைத்தார். உட்கார்ந்தபடியே தலை சாய்ந்து, கையிலிருந்த தேத்தண்ணி டம்ளர் உருண்டு விழுந்தது. எனக்கு மானமே போய்விட்டது. வந்தவர்கள் போனதும் வாய்க்கு வந்தபடி கத்தினேன். அப்பா எழுந்து வந்து என் தலையில் கை வைக்கப் போனார்.

"ஒன் தலையில அடிச்சு சொல்றேன்மா. சத்தியமா நான் குடிக்கல."

பெற்ற பிள்ளையின் தலையில் பொய்ச் சத்தியம் செய்தால் அந்தப் பிள்ளை தங்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. "பொய் சத்தியம் பண்ணி என்ன சாகடிக்கவா பாக்குறீங்க?" என்று கத்திக்கொண்டு அந்தக் கையைத் தட்டிவிட்டேன். அப்பா தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கை அப்போதும் படபடவென்று ஆடிக்கொண்டிருந்தது. குடிகாரன் கை என்று நினைத்தேன். இரண்டு மாதத்தில் செத்துப்போனார்.

ஸ்கேன் முடிந்து கட்டிலுக்கு வந்து இதையெல்லாம் நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அப்போதுகூட எனக்கு முழுதாக ஓடவில்லை. பயம் மட்டும்தான் இருந்தது. அப்பாவின் வயிறு வீங்கிக் கிடந்த மாதிரி என் வயிறும் வீங்கப்போகிறது, இன்னும் எத்தனை மாதம் என்ற கணக்கு மட்டும்தான்.

சாயங்காலம் அம்மா வந்தாள். மழையில் இரண்டு பஸ் மாறி, ரொட்டியும் சம்பலும் வாழை இலையில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். அறுபத்தாறு வயதிலும் கொழுந்துக்குப் போகிறவள். கட்டுக்கம்பி மாதிரி உடம்பு.

"என்ன சொல்றாங்க?"

"ஈரல்ல கொழுப்பாம்மா."

அம்மாவின் முகம் அப்படியே கறுத்துவிட்டது. ரொட்டியைக் கட்டிலில் வைத்தாள். என் முகத்துக்குக் கிட்டே குனிந்து போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். கொஞ்ச நேரம் அப்படியே குனிந்து நின்றாள். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று போய்விட்டாள். பாசத்தில் தொண்டை அடைத்துவிட்டது என்று நினைத்தேன். மக்கு மாதிரி அப்படித்தான் நினைத்தேன்.

வாட்டை விட்டு அனுப்புவதற்கு முன் என்னை எடை பார்த்தார்கள். எண்பத்தாறு கிலோ. என் உயரத்துக்கு அது எங்கேயோ போன கணக்கு. மடுவத்தில் மாதாமாதம் முப்பது பிள்ளைகளைத் தராசில் உட்கார வைத்துக் கொப்பியில் எழுதுகிறவள் நான். ஒரு பிள்ளை கால் கிலோ குறைந்தால் தாயைக் கூப்பிட்டுச் சத்தம் போடுவேன். என் அம்மா பறிக்கிற கொழுந்தைக்கூட நாளுக்கு மூன்று தரம் நிறுக்கிறார்கள். என்னை நான் நிறுத்துப் பார்த்து எத்தனை வருஷமென்று எனக்கே தெரியாது. பிள்ளைகள் மிச்சம் வைத்த பிஸ்கட், பணிஸ், சீனி போட்ட மா உருண்டை எல்லாம் வீணாகக் கூடாதென்று என் வயிற்றுக்குள்தான் போய்க்கொண்டிருந்தன. எங்கள் தோட்டத்தில் பருத்த பெண் என்றால் குறையில்லாமல் இருக்கிறாள் என்று அர்த்தம். நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன்.

கண்டிக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே ஈரலுக்கென்றே இருக்கிற டொக்டரைப் பார்க்க வேண்டும், அதற்கு முன் இன்னொரு ஸ்கேனும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அது வெளியே காசு கட்டி எடுக்கிற ஸ்கேன். தியாகு த்ரீவீல் டயருக்காக வைத்திருந்த காசை எடுத்தார். "டயர் இன்னும் ரெண்டு மாசம் தாங்கும். நீ தாங்குவியான்னுதான் தெரியல," என்றார். சிரிக்க முயன்றார். முடியவில்லை அவருக்கு.

இந்த ஸ்கேன் வேறு மாதிரி. விலா எலும்புக்கு நடுவில் ஒரு கருவியை வைத்து விரலால் சுண்டுகிற மாதிரி டப்பு டப்பென்று தட்டினார்கள். வலி இல்லை. ஈரல் மெத்தென்று இருக்கிறதா, தழும்பு விழுந்து இறுகிவிட்டதா என்று அந்தத் தட்டல் போய்த் திரும்புகிற வேகத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள்.

கண்டி ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் எங்கள் நம்பர் நாற்பத்து மூன்று. காலை ஏழு மணிக்குப் போய்ப் பகல் ஒன்றரைக்குத்தான் கூப்பிட்டார்கள். எதிரே இருந்த ஒருவருக்கு அப்பாவின் வயிறு. அவரைப் பார்க்காமல் இருக்க ஆறரை மணி நேரம் சுவரில் ஒட்டியிருந்த ஒரே அறிவித்தலைப் படித்துக்கொண்டிருந்தேன்.

டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். நரைத்த முடி, கண்ணாடி. என்னை உட்காரச் சொன்னார். அந்தக் கேள்விக்காக நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

"நீங்கள் குடிக்கிறனீங்களோ?"

"இல்லைங்க."

அவர் "இல்லை" என்று எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். நிமிர்ந்து பார்க்கவில்லை, மறுபடி கேட்கவில்லை. நான் சொன்னதை ஒருவர் நம்பி எழுதிவிட்டார்! எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. தியாகு பதறிப்போய் என் தோளைப் பிடித்தார்.

"அழாதேங்கோ. உங்கட வீட்டிலை ஆருக்கும் ஈரல் வருத்தம் இருந்ததோ?"

"எங்கப்பாவுக்குங்க. ஆனா அது குடியால வந்தது."

"அவர் குடிச்சதை நீங்கள் கண்டனீங்களோ?"

"கண்ணால பாத்ததில்லைங்க. ஆனா தள்ளாடுவாரு. நாக்கு கொளறும்."

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அவர் எப்பிடி, மெலிஞ்ச ஆளோ?"

"இல்லைங்க. என்னைய மாதிரி."

"பகலிலை நித்திரை கொள்ளுவாரோ?"

"ஆமாங்க. ராத்திரி வேலைன்னு நெனச்சோம்."

"கையை நீட்டினால் படபடவெண்டு ஆடுமோ? மூச்சிலை ஒரு இனிப்பு மணம் மாதிரி?"

"ஒங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"ஈரல் முழுக்கப் பழுதானால் ரத்தத்தைச் சுத்தம் செய்யேலாது. அந்தக் கழிவு மூளைக்குப் போகும். ஆள் குடிவெறியிலை நிக்கிற மாதிரியே நடப்பார், கதைப்பார். மூச்சும் மணக்கும். அதுக்கு ஒரு துளி சாராயமும் தேவையில்லை."

"அப்ப எங்கப்பா..." என்று இழுத்தேன்.

"உங்கட அப்பாவை நான் பாக்கேல்லை," என்றார் டொக்டர். "அதாலை அடிச்சுச் சொல்லமாட்டன். ஆனால் நீங்கள் குடிக்கேல்லை. உங்களுக்கும் அதே வருத்தம் வந்திருக்கு. அவர் குடிக்கேல்லை எண்டு சொன்னவரோ?"

"சொன்னாருங்க," என்றேன். "சொல்லிக்கிட்டேதான் இருந்தாரு."

அதற்குப் பிறகு அவர் சொன்னதையெல்லாம் எனக்கு விளங்கின மாதிரி சொல்கிறேன். நாம் சாப்பிடுகிற மாவும் சீனியும் எண்ணெயும் மிஞ்சினால் கொழுப்பாகி ஈரலுக்குள் வந்து சேரும். ஈரல் அதை வெளியே அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். சில குடும்பங்களில் தாய் தகப்பனிடமிருந்து வருகிற மரபணு ஒன்று கொஞ்சம் மாறி இருக்கும். அவர்களுடைய ஈரலுக்குக் கொழுப்பை வெளியே தள்ளுகிற வேலை மந்தம். லயத்துக்குப் பக்கத்தில் பிறவியிலேயே ஒடுக்கமாக வெட்டிய கான் மாதிரி. மழை கொஞ்சமாகப் பெய்தால் யாருக்கும் தெரியாது; மெலிந்த உடம்போடு வாழ்நாள் முழுக்க ஒன்றுமில்லாமல் இருந்துவிடலாம். அகலமான கான் உள்ளவர்களும் கொஞ்சம் பருத்தாலும் சமாளிக்கலாம். ஒடுக்கமான கானும் பெரிய மழையும் ஒன்றாக வந்தால்தான் வீட்டுக்குள் தண்ணீர் ஏறும். கொழுப்புச் சேர்ந்து ஈரல் அழன்று தழும்பாகும். தழும்பு நாலு படி. நாலாவதில் ஈரல் சுருங்கிவிடும். அப்பா போனது அந்தப் படி.

"நான் எத்தனாவது படிங்க?"

"மூண்டு."

தியாகு என் கையைப் பிடித்துக்கொண்டார். பொது இடத்தில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

"மூண்டிலையிருந்து இறங்கலாம்," என்றார் டொக்டர். "மரபணுவை என்னாலை மாத்தேலாது. உடம்பை நீங்கள் மாத்தலாம். இருக்கிற எடையிலை பத்திலை ஒரு பங்காவது குறையவேணும். பட்டினி கிடந்து அவசரமாக் குறைக்கிறேல்லை, மெல்ல மெல்ல. சீனி வேண்டாம், மா குறையுங்கோ, நடவுங்கோ. உங்கட பிள்ளையையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

எங்கள் மகள் நிரோஷாவுக்குப் பதினைந்து வயது. அவளும் கொழுக்கு மொழுக்கென்று இருப்பாள். அவளுக்கும் பார்த்தோம். ஈரலில் கொழுப்பு படியத் தொடங்கியிருக்கிறது, தழும்பு இல்லை என்றார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் சீனி டின்னைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். வீட்டில் யாருக்கும் இனிச் சீனி கிடையாது. தியாகு கொஞ்சம்கூட முனகாமல் வெறும் தேத்தண்ணி குடித்தார். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூப்பிடுகிற பெரட்டுச் சங்கு ஊதும் நேரத்தில் நாங்கள் மூன்று பேரும் கோயில் மேட்டுக்கு ஏறி இறங்கினோம். முதல் கிழமை பாதி வழியில் உட்கார்ந்துகொண்டேன். "மடுவத்து டீச்சர் புதுசா காதலிக்கிறாங்க" என்று கொழுந்துக்குப் போகிற பெண்கள் கேலி செய்தார்கள். அதையெல்லாம் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அம்மாவிடம்தான் சொல்ல முடியவில்லை. என்னவென்று சொல்ல? நீங்கள் பேச்சை நிறுத்தி, சோற்றைத் தட்டில் போட்டுக் காலால் தள்ளிய மனுஷன் குற்றம் செய்யாதவர் என்றா? அப்பாவின் பெயரைக்கூட அம்மா சொல்வதில்லை. 'அந்தாளு' என்றுதான் சொல்வாள். ஏதோ கொஞ்சம் கொழுப்பு, மருந்தில் சரியாகிவிடும் என்று மட்டும் அம்மாவுக்குத் தெரிந்தால் போதும் என்று மழுப்பிக்கொண்டிருந்தேன். ரொட்டி வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வாள். ஆனாலும் எப்போதும் என் முகத்துக்குக் கிட்டே வந்து வந்து பேசினாள். தலையில் பேன் பார்க்கிறேன் என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ஐந்து மாதத்தில் ஏழு கிலோ குறைந்தது. தீபாவளி வந்தது.

தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் செத்தவர்களுக்குப் படையல் போடுவது எங்கள் வழக்கம். உயிரோடு இருந்தபோது அவர்களுக்கு என்ன பிடிக்குமோ அதை வைத்துக் கும்பிட வேண்டும். அம்மா ஒவ்வொரு வருஷமும் அப்பாவின் படத்துக்கு முன்னால் உடுத்தப் புதுச் சாரம், வடை, கறி, அதோடு ஒரு கால் போத்தல் சாராயமும் வைப்பாள். "உசுரோட இருக்கையில ஒளிச்சு ஒளிச்சு குடிச்சாரு. இப்பவாச்சும் வெளிச்சத்துல குடிக்கட்டும்" என்பாள். பேசாமல் இருந்த பொண்டாட்டி செத்தவனுக்குச் செய்த ஒரே தயவு அதுதான். பதினேழு வருஷம். ஒவ்வொரு தீபாவளிக்கும் குடிக்காத மனுஷனுக்கு முன்னால் போத்தலை வைத்து விழுந்து கும்பிட்டிருக்கிறோம்.

அன்றைக்கும் அம்மா இலையைப் போட்டு, முந்தானையில் சுற்றி வைத்திருந்த கால் போத்தலை எடுத்தாள்.

"அத வைக்காதீங்கம்மா," என்றேன்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். போத்தலைக் கையில் பிடித்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"உண்மைய சொல்லு ராணி. நீயும் அந்தாளு மாதிரி ஒளிச்சு குடிக்கிறியா?"

ஐந்தாவது ஆள்.

"அதே ஈரல் வியாதிதானே ஒனக்கும்? என்கிட்ட மறைச்சா தெரியாதா? அஞ்சு மாசமா ஒன் வாய மோந்து மோந்து பாக்குறேன்டி. ஒரு வாடையும் இல்ல. எங்கதான் வச்சு குடிக்கிற?"

அட கடவுளே! ஆஸ்பத்திரிக் கட்டிலில் குனிந்து நின்றது, பேன் பார்த்தது, எல்லாம் அதற்காகவா? "சத்தியமா" என்று தொடங்கினேன். என் கை தானாக எழுந்து பக்கத்தில் நின்ற நிரோஷாவின் பக்கம் போனது. பாதியில் நின்றுவிட்டது. அப்பாவின் கை பாதியில் என்ன பட்டது என்று எனக்குத் தெரியும். தட்டியது நான்.

நிரோஷா என்னைப் பார்த்தாள். என் கையைப் பிடித்து இழுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"சொல்லுங்கம்மா," என்றாள்.

"நான் குடிக்கலம்மா. என்னைக்கும் குடிச்சதில்ல." "அப்பாவும் குடிக்கலம்மா. கண்டி டொக்டர் எல்லாத்தையும் சொன்னாங்க. அந்தத் தள்ளாட்டம், நாக்கு கொளறினது, கை ஆடினது, எல்லாம் வியாதிம்மா. அவரு ரத்தத்துல இருந்து எனக்கு வந்துருக்கு. எங்கிட்ட இருந்து இவளுக்கும் வந்துருக்கு."

"நான் மோந்து பாத்தேன்டி," என்றாள் அம்மா. "என் வாய மோந்து பாரு பாருன்னு கிட்ட வந்தாரு. பாத்தேன். வாட அடிச்சுச்சே!"

"அது ஈரல் வாடம்மா."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். போத்தல் மடியில் கிடந்தது. அழவில்லை. அப்பாவின் படத்தையும் பார்க்கவில்லை. விளக்குத் திரி கருகி மணத்தபோது நிரோஷா போய்த் தூண்டிவிட்டாள்.

வெகு நேரம் கழித்து அம்மா போத்தலைத் தியாகுவிடம் நீட்டினாள். "இத கொண்டுபோய் கானுல ஊத்திட்டு வாங்க தம்பி," என்றாள். எழுந்து அடுப்பில் கேத்தலை வைத்தாள். தேயிலையைப் போட்டுச் சாயம் இறக்கினாள். அப்பாவின் பழைய பித்தளை டம்ளரைப் பெட்டிக்குள் இருந்து தேடி எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தாள். பிறகு அலுமாரியைத் திறந்தாள். கழுவிக் கவிழ்த்த சீனி டின் அங்கே வெறுமையாக இருந்தது.

அம்மா ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் பக்கத்து வீட்டுக் காம்பராவுக்குப் போனாள். லயத்துச் சுவருக்கு ரகசியம் தெரியாது. அந்தப் பக்கம் அம்மா கதவைத் தட்டியதும், அந்த வீட்டுப் பெண், "என்னங்க இந்த மழையில?" என்றதும் எங்களுக்குக் கேட்டது.

"கொஞ்சம் சீனி குடுங்க," என்றாள் அம்மா. "எங்க வீட்டுக்காரருக்கு தேத்தண்ணி வைக்கணும். அவரு மூணு கரண்டி போட்டாத்தான் குடிப்பாரு."